நீலப் பானை நெய்

நிக்கோலா நாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது லெபோசாவா கோழிக்கூட்டு வாசலில் பனியில் வழுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டாள். முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் மாவுக்கட்டு. தெருவே அவளுக்காக உச்சுக்கொட்டியது. அவளுடைய ஓரகத்தி ஸ்மில்யாவும் உச்சுக்கொட்டினாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்கு வேறொன்று ஓடியது. ஓடியதற்காக வெட்கப்பட்டாள், ஓடியது நிற்கவில்லை. இந்த வருஷமாவது என் கை பட்டது அந்த விருந்து மேசைக்குப் போகும் என்பதுதான் அது.

இவர்களைக் கட்டிய அண்ணன் தம்பி இருவருக்கும் குலப் புனிதர் நிக்கோலா; அவர் நாளில் வீட்டில் விருந்து வைப்பது வழக்கம். அப்பன் வீடு மூத்தவன் ஜீவோயின் பங்குக்கு வந்ததால் விருந்தும் அங்கேதான். இளையவன் ரதோவானைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, இருபத்திரண்டு வருஷமாக, ஸ்மில்யா அந்த விருந்துக்குப் போகிறாள். மீன் வாங்கிக் கொடுப்பாள். ஒயின் தூக்கிக்கொண்டு போவாள். எல்லாரும் எழுந்த பிறகு நாற்பது தட்டுக் கழுவுவாள். அவள் சமைத்தது மட்டும் மேசைக்கு வந்ததே இல்லை. முதல் வருஷம் வெங்காயம் போட்டு அடுப்பில் வாட்டிய பீன்ஸ் ஒரு சட்டி நிறையக் கொண்டுபோனாள். சாயங்காலம் பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்டப் போனபோது அந்த பீன்ஸைக் கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன. மறு வருஷம் ஆப்பிள் வைத்த பணியாரம். அதை எங்கே போட்டார்கள் என்று அவள் தேடவில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். ஸ்மில்யா பன்றி வெட்டும் தொழிற்சாலையில் குடல் பிரிவில் வேலை பார்க்கிறாள். வெதுவெதுப்பாக வரும் குடலை வழித்து, உள்வெளியாகத் திருப்பி, சவ்வைச் சுரண்டி, உப்பில் போட வேண்டும். லெபோசாவா இதை வைத்து அவள் முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சுவரைப் பார்த்துத்தான் சொல்வாள்.

“எங்க வீட்டுல எல்லாருக்குமே கொஞ்சம் அருவருப்பு ஜாஸ்தி. பொறவிக்குணம். என்ன பண்றது சொல்லு.”

உண்மையில் அந்த ஊரில் ஸ்மில்யாவின் கையைவிடச் சுத்தமான கை கிடையாது. ஒரு ஷிப்டுக்கு எட்டுத் தடவை முழங்கை வரை சோப்புப் போட்டு, நக இடுக்கில் பிரஷ் விட்டுத் தேய்த்து, மேற்பார்வைக்காரியிடம் காட்டிவிட்டுத்தான் மேசைக்குத் திரும்ப முடியும். அந்தத் தேய்ப்பில் தோல் உரிந்து சிவந்து கிடக்கும். ஆனாலும் பேருந்தில் யாரும் பார்க்காதபோது கையை மூக்கருகே கொண்டுபோவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. சோப்பு வாசனைதான் வரும். நம்பிக்கை வராது.

இந்த வருஷம் லெபோசாவாவுக்கு வேறு வழியில்லை. மேசையில் முந்நூறு வனிலிட்சே வேண்டும். ராக்கியாச் சாராயம் ஊற்றுகிற சின்னக் கோப்பையால் மாவை வட்டமாக வெட்டிச் சுட்டு, இரண்டிரண்டாக நடுவில் பாதாமி ஜாம் வைத்து ஒட்டி, சூட்டோடு பொடிச் சர்க்கரையில் புரட்டுகிற பிஸ்கெட். மூன்று நாள் மூடி வைத்தால்தான் பதமாகும். வனிலிட்சே இல்லாத மேசைக்கு நிக்கோலா வரமாட்டார் என்பதுபோல் அந்த வீட்டில் பேசுவார்கள். இடது கையால் முந்நூறு வெட்ட முடியாது. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு அவரவர் வீட்டு வேலை. ஆகவே ஜீவோயினை அனுப்பி, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டாள்.

ஸ்மில்யா வெள்ளைச் சமையல் ஏப்ரனைக் கஞ்சி போட்டுத் தேய்த்து மடித்து எடுத்துக்கொண்டு போனாள். சமையலறையில் லெபோசாவா ராணி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாவுக்கட்டுக் கை மேசைமேல் கிடந்தது. ஸ்மில்யா கையைக் கழுவிவிட்டுத் திரும்பியபோது அவள் ஒரு ஜோடி மஞ்சள் ரப்பர் கையுறையைத் தள்ளிவிட்டாள். மாவைத் தொடுவதென்றால் அதைப் போட்டுக்கொண்டு தொடவேண்டும் என்பது ஏற்பாடு. ஸ்மில்யா வாங்கிப் பார்த்தாள். விரல் நுனியில் பழுப்பாக ஏதோ காய்ந்திருந்தது.

“புதுசுதாண்டி. போன வாரம் குளியலறை கழுவ ஒரே ஒரு தடவை போட்டேன்.”

தொழிற்சாலையில் என்றால் இந்தக் கையுறையைக் கண்ட மேற்பார்வைக்காரி ஷிப்டையே நிறுத்தியிருப்பாள். ஸ்மில்யா கையுறை மேல் கொதிநீரை ஊற்றி, சோப்புப் போட்டு, மறுபடி ஊற்றி, ஈரத்தோடு மாட்டிக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தவள் ஒரு கையுறைக்காகத் திரும்பிப் போவாளா.

மாவுக்கோணி மேல் பூனை படுத்திருந்தது. லெபோசாவா அதைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக் கீழே விட்டாள். கோணி வாயில் ஒட்டியிருந்த ரோமத்தை இரண்டு விரலால் பொறுக்கி, ஊதி, மாவை அளந்து கொடுத்தாள். பிறகு அந்த விரலாலேயே அரைத்த வாதுமைக்கொட்டையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். ஸ்மில்யா மாவைச் சல்லடையில் இரண்டு தடவை சலித்தாள். முதல் தடவை சல்லடையில் நின்றதைப் பார்த்ததும் இரண்டாம் தடவை சலிக்கத் தோன்றியது.

ஜாம் ஜாடியைத் திறந்தபோது மேலே பச்சையாக, வெல்வெட் மாதிரி ஒரு மூடி படர்ந்திருந்தது. லெபோசாவா கரண்டியால் அதை அலாக்காகத் தூக்கிக் குப்பையில் போட்டாள். கீழே நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். அதை நிரூபிப்பதற்காக அதே கரண்டியால் அள்ளி நக்கினாள். நக்கிய கரண்டி மறுபடி ஜாடிக்குள் இறங்கியது, மறுபடி வாய்க்கு வந்தது. எச்சில் ஒரு நூலாக ஜாடிக்கும் உதட்டுக்கும் நடுவே இழுபட்டு அறுந்தது. ஸ்மில்யா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மாவு பிசைந்தாள். குடலில் இருப்பது என்னவென்று அவளுக்குத் தெரியும். அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு, தண்ணீர் உண்டு, உப்பு உண்டு. இதற்கு என்ன உண்டு.

இதற்கெல்லாம் சிகரமாக, லெபோசாவாவுக்கு மாவுக்கட்டுக்குள் அரித்தது. பின்னல் ஊசி ஒன்றைக் கட்டுக்குள் விட்டு, கண்ணைச் செருகிக்கொண்டு, மேலும் கீழும் சொரிந்தாள். ஊசி வெளியே வந்தபோது நுனியில் வெள்ளையாகத் தோல் ஒட்டியிருந்தது. முதல் தட்டு அடுப்பிலிருந்து வந்ததும், வெந்துவிட்டதா பார்க்கிறேன் என்று அதே ஊசியால் ஒரு பிஸ்கெட்டைக் குத்திப் பார்த்தாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் ஸ்மில்யா அதை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இத்தனையும் அவள் சகித்தாள். அடுத்து வந்ததுதான் சகிக்க முடியாதது.

நிக்கோலா நாள் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாற்பது நாள் நோன்புக்குள் விழுகிறது. அன்றைக்கு மீன் ஆகும், எண்ணெய் ஆகும். இறைச்சி, முட்டை, பால், மிருகக் கொழுப்பு எதுவும் மேசையில் கூடாது. வனிலிட்சேக்கு மற்ற நாளில் பன்றி நெய்தான் போடுவார்கள், அதில்தான் வாயில் கரைகிற பதம் வரும். நோன்பு மேசைக்கு வனஸ்பதி. ஜீவோயின் கடையில் வாங்கி வந்திருந்த வனஸ்பதி முதல் பிசைதலோடு தீர்ந்துபோயிற்று. முந்நூறில் எழுபதுகூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியாயிற்று. லெபோசாவா பின்னறைக்குப் போய் இடது கையால் நீல எனாமல் பானை ஒன்றை இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். இதுவும் வனஸ்பதிதான், பழைய பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டி வைத்தது என்றாள்.

மூடியைத் திறந்த உடனே ஸ்மில்யாவுக்குத் தெரிந்துவிட்டது. கையுறைக்குள் விரலுக்குத் தெரியாமல் போகலாம், மூக்குக்கு யார் கையுறை மாட்டுவது. எட்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் அவள் மூச்சு விடுகிற வாசனை அது. ஆனாலும் உறுதி செய்துகொள்ள ஒரு கையுறையைக் கழற்றி, சுண்டுவிரல் நுனியால் ஒரு பொட்டுத் தொட்டாள். தோலின் சூட்டிலேயே உருகி வழிந்தது. வனஸ்பதி இப்படி உருகாது. நவம்பரில் அடித்த பன்றியின் நெய்.

“அக்கா, இது நோன்புக்கு ஆகாதே.”

லெபோசாவா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை. பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“பேர் சொல்லாத வரைக்கும் எல்லாம் நோன்புதாண்டி. வாதுமை இருக்கு, எலுமிச்சை இருக்கு, சர்க்கரை இருக்கு, யாருக்குத் தெரியப்போகுது. இன்னிக்கு இத முடிச்சியானா அடுத்த வருஷம் பீன்ஸ் நீயே செஞ்சு எடுத்துட்டு வா. மேசையில வைக்கிறேன்.”

ஸ்மில்யா பானையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒப்ராத் அண்ணன் ஞாபகம் வந்தார். ஜீவோயின் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர், பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவு ரத்த உறவுக்கும் மேலே. அவர் மகளுக்கு ஏழு வருஷம் கழித்து இப்போதுதான் வயிற்றில் பிள்ளை தங்கியிருக்கிறது. பிரசவம் நல்லபடி ஆகவேண்டும் என்று நாற்பது நாளையும் ஒரு நாள் பிசகாமல் நோற்கிறேன் என்று நேர்ந்துகொண்டிருக்கிறார். மற்றவர்கள் நோன்பு என்பது மேசையோடு முடிகிற நோன்பு. அவருடையது அப்படியில்லை.

பிறகு அவளுக்கு பீன்ஸ் ஞாபகம் வந்தது. தன் கை செய்த பீன்ஸ், தட்டில், மேசையின் நடுவில்.

கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டு நெய்யை அள்ளினாள்.

வீட்டுக்கு வந்து ரதோவானிடம் சொன்னாள். அவன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் அண்ணன் வீட்டில் ஒரு கதவு திறக்கிறது, வாயை மூடிக்கொண்டிரு என்றான். அவள் மூடிக்கொண்டாள். ஆனால் மூன்று நாளும் தொழிற்சாலையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குடலைப் பார்த்து இல்லை. கழுவுகிற இடத்தில் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் குமட்டிக்கொண்டு வந்தது.

நிக்கோலா நாளன்று காலையில் பாதிரியார் வந்து ரொட்டியை வெட்டி ஒயின் தெளித்து ஆசி கொடுத்துவிட்டுப் போனார். மதியம் மேசை நிறைந்துவிட்டது. மீன் சூப், வறுத்த கெண்டை, கோஸ் ஊறுகாய், ராக்கியா. ஸ்மில்யாவுக்கு வழக்கம்போல் சமையலறைக் கதவோரத்து நாற்காலி. நடுவில் மூன்று தட்டில் வனிலிட்சே வெள்ளை வெளேரென்று குவிந்திருந்தது. லெபோசாவா பட்டு ரவிக்கையில், கட்டுக்கை மேல் பூப்போட்ட துணியைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் தட்டை நீட்டினாள். ஒடிந்த கையோடு எப்படித்தான் செய்தாளோ என்று எல்லாரும் வியந்தார்கள். அவள் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். ஸ்மில்யாவின் பேர் அந்தச் சிரிப்புக்குள் எங்கேயும் இல்லை.

ஒப்ராத் மீனைக்கூட அளவாகத்தான் சாப்பிட்டார். உயரமான மனிதர், ரயில்வேயில் தண்டவாளம் பார்த்து ஓய்வு பெற்றவர், பேச்சு குறைவு. தட்டு அவரிடம் வந்தது. ஒன்றை எடுத்தார். ஸ்மில்யாவின் கால் தானாக எழுந்து நின்றுவிட்டது. வாய் எழவில்லை. அவர் பாதியைக் கடித்தார். மென்றார். மெல்லுவது நின்றது. நாக்கை மேலண்ணத்தில் ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். மீதிப் பாதியை மேசை விரிப்பின் மேல் மெதுவாக வைத்தார்.

“லெபோசாவா, இதுல நெய் இருக்கு.”

மேசையில் கரண்டிகள் நின்றன. யாரோ ஒருத்தர் மட்டும் முள் எடுத்துக்கொண்டிருந்தார், அவரும் நிறுத்தினார். லெபோசாவா கண் இமைக்கவில்லை. பதில் அவளிடம் தயாராக இருந்தது. எத்தனை நாளாகத் தயாராக இருந்ததோ.

“ஐயோ அண்ணே, நான் போட்டது வனஸ்பதிதான். ஆனா பெசஞ்சது நம்ம ஸ்மில்யா. அவ வேல என்னன்னு உங்களுக்குத்தான் தெரியுமே. அந்தக் கொழுப்பு கைய விட்டுப் போகவே போகாது போல. நான் கையுறையெல்லாம் குடுத்தேன், பாவம்.”

இருபது தலை கதவுப்பக்கம் திரும்பியது. இருபத்திரண்டு வருஷமாக அவள் விரும்பியது நடந்துவிட்டது. அவள் பேர் அந்த மேசையில் சொல்லப்பட்டது, அவள் கை செய்தது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒருத்தி வாயிலிருந்ததைக் காகிதக் கைக்குட்டையில் துப்பினாள். இன்னொருத்தி கையை விரிப்பில் துடைத்தாள். அவர்கள் துடைத்தது நெய்யை அல்ல என்று ஸ்மில்யாவுக்குத் தெரிந்தது.

ரதோவான் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்மில்யாவுக்கு அழுகை வரும் என்றுதான் அவளே எதிர்பார்த்தாள். அழுகை வரவில்லை. குமட்டல் வந்தது, அதோடு சேர்ந்து ஒரு தெளிவும் வந்தது, வாந்தி எடுத்து முடித்த பிறகு வருமே அப்படி. குரலை உயர்த்தாமல் ஒப்ராத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“கைக்கு ஒரு கிலோ நெய் ஒட்டாதுண்ணே. நீலப் பானையிலேருந்து எடுத்துப் போட்டோம்.”

“நீலப் பானையா,” என்றான் ஜீவோயின். அவன் நல்லவன், மூன்றாவது ராக்கியாவில் இருந்தான், என்ன நடக்கிறது என்று அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. “அது நம்ம பன்னி நெய்யாச்சே. மூணு மணி நேரம் அண்டாவுல நின்னு கிண்டுனது நாந்தான். அதான் இவ்ளோ பதமா இருக்கு.”

சொல்லி முடித்த பிறகு அவன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்தான்.

ஒப்ராத் லெபோசாவாவைப் பார்க்கவில்லை. ஸ்மில்யாவைத்தான் பார்த்தார்.

“பெசையும்போதே உனக்குத் தெரியுமா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கையுறை போட்டிருந்தேன், தெரியவில்லை என்று ஒரு வார்த்தை. இருபது பேரும் நம்பியிருப்பார்கள், பாவம் முழுக்க லெபோசாவா தலையில் இறங்கியிருக்கும். அந்தக் கையுறைக்குப் பின்னால் ஒளிவது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

“தெரியும்ணே. தெரிஞ்சுதான் பெசஞ்சேன். இந்த மேசையில என் கை பட்டது ஒண்ணு இருக்கணும்னு ஆச. அதுக்காக உங்களுக்கு இதத் தின்னக் குடுத்தேன்.”

ஒப்ராத் எழுந்து வெளியே போனார். ஸ்மில்யா ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். முற்றத்துக் குழாய் உறைந்து கிடந்தது. அவர் குனிந்து விரலை விட்டுத் தொண்டையைக் கிளறினார், பனியின் மேல் வெள்ளையும் மஞ்சளுமாகத் துப்பினார். அவள் தண்ணீர் ஊற்றினாள். அவர் அவளுடைய செம்பிலிருந்து, அவள் கையிலிருந்து, மூன்று தடவை வாய் கொப்பளித்தார். மீசையில் ஒட்டியிருந்த சர்க்கரையைக் கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டார். கோழிகள் அவர் துப்பியதை நோக்கி வந்தன, அவர் காலால் பனியைத் தள்ளி மூடினார்.

“தெரியாமத் தின்னவனுக்குப் பாவமில்லேம்பாரு பாதிரியாரு,” என்றார். “தெரிஞ்சு குடுத்தவங்க கணக்கு வேற.”

“ஆமாண்ணே.”

“அவளக் கேட்டிருந்தா தெரியாதுன்னு சொல்லியிருப்பா. நீ சொல்லல.”

“பொய் சொல்ல வாய் வரலண்ணே. சீன்னு ஆயிடுச்சு.”

அவர், காலையிலிருந்து வயிற்றில் இருந்ததெல்லாம் போய்விட்டது, இந்த வீட்டில் இனித் தண்ணீர்கூட இறங்காது என்றார். ஸ்மில்யா செம்பைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டை உதறினாள். கேட்கலாமா என்று இரண்டு தடவை யோசித்துவிட்டுக் கேட்டாள்.

“எங்க வீட்டுல உருளக்கெழங்கு அவிச்சு வச்சிருக்கேன். ரொட்டி இருக்கு. ஆனா எல்லாம் நான் தொட்டது. கையுறை கெடையாது.”

“உப்பு இருக்கா?”

“இருக்குண்ணே.”

“அப்பக் கோட்ட எடுத்துட்டு வா.”

கோட்டு எடுக்க உள்ளே போனாள். சாப்பாட்டு அறையில் விருந்தாளிகள் தாழ்ந்த குரலில் மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் லெபோசாவா தனியாக இருந்தாள். மூன்று தட்டையும் உள்ளே கொண்டுவந்துவிட்டாள். நோன்பு இல்லாத வீடுகளுக்குப் புத்தாண்டுக்குக் கொடுத்தனுப்ப, இடது கையால் ஒவ்வொன்றாகத் தகரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒப்ராத் கடித்து வைத்த பாதியும் கையில் இருந்தது. பல் பட்ட இடத்தை விரலால் தேய்த்து மழுக்கி, பொடிச் சர்க்கரையைத் தூவி, அடியில் செருகினாள். நிமிர்ந்தாள். ஸ்மில்யாவைப் பார்த்தாள். என்ன பார்க்கிறாய் என்பதுபோல் பார்த்தாள். கழுவாத தட்டுகள் தொட்டியில் கழுத்துவரை நின்றன.

ஸ்மில்யா ஆணியிலிருந்து கோட்டை எடுத்தாள். பொத்தான் போட்டுக்கொள்ளக்கூட நிற்காமல் வெளியே வந்தாள். ஒப்ராத் தெருமுனைக்கு நடந்துவிட்டிருந்தார். பின்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ரதோவான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வாயில் இன்னும் எதையோ மென்றபடி, வேகவேகமாக வந்துகொண்டிருந்தான்.

“அதத் துப்பிட்டு வா,” என்றாள் ஸ்மில்யா.